ஆங்கிலத்தில் கேட்கும் பிள்ளைக்கு நம் சமயத்தைச் சொல்லுதல்

1896ஆம் ஆண்டில், திருத்தணியில் பிறந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் திருவேங்கட மலையின் அடிவாரத்திலே, திருப்பதி நகரில், ஜெர்மானிய லூத்தரன் பாதிரிமார் நடத்திவந்த பள்ளியில் சேர்க்கப்பட்டான். நான்கு ஆண்டுகள் அங்கே படித்தான். பள்ளியை விட்டு வெளியே வந்து தலை நிமிர்ந்தால் ஏழுமலை தெரியும். உள்ளே சென்று அமர்ந்தால் விவிலியப் பாடம் நடக்கும். அதன்பின் வேலூரில் படித்ததும் மிஷன் கல்விச்சாலையிலேதான். சென்னையில் சேர்ந்ததும் கிறிஸ்தவக் கல்லூரியிலேதான். அச்சிறுவனே பிற்காலத்தில் ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் கீழ்நாட்டுச் சமயங்களுக்குரிய பேராசிரியராகவும், 1962 முதல் 1967 வரை நம் நாட்டின் குடியரசுத் தலைவராகவும் விளங்கிய டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்.

தம் இளமையைப் பற்றி அவர் பின்னாளில் எழுதியபோது, கிறிஸ்தவ ஆசிரியர்கள் இந்து சமயத்தின்மேல் கூறிய குறைகள் தம் உள்ளத்தைக் கலக்கின என்றும், அக்கலக்கமே அச்சமயத்தைத் தாமே ஆராயும்படி தம்மைத் தூண்டியது என்றும் குறித்திருக்கிறார். வேதாந்தத்தில் ஒழுக்க நெறிக்கு இடமே இல்லை என்பது அக்காலத்தில் அடிக்கடி எழுந்த குற்றச்சாட்டு. அதற்கு மறுமொழியாக 1908இல், தமது இருபதாவது வயதில், ஓர் ஆய்வுரை எழுதினார். அதை மெச்சியவர் அவருடைய ஆசிரியர் ஆல்ஃபிரட் ஹாக் என்னும் பேராசிரியர். அவரும் ஒரு மிஷனரியே. கர்மக் கொள்கையையும் கிறிஸ்தவ மீட்புக் கொள்கையையும் ஒப்பிட்டு மறு ஆண்டே ஒரு நூல் வெளியிட்டவர். வாதம் செய்தவர்களுக்குள் மரியாதை இருந்தது என்பதை இங்கே சொல்லி வைப்பது நல்லது.

நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் இருக்கிறது. கேள்வி ஆங்கிலத்தில் வந்தது. ஆகவே விடையும் ஆங்கிலத்தில் போக வேண்டியிருந்தது. வீட்டில் கற்ற பக்தியோ வீட்டு மொழியில் மட்டுமே பேசியது. இடையிலிருந்த அகழியைத் தாண்ட அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுப் படிப்புத் தேவைப்பட்டது. இன்று தில்லியிலும் மும்பையிலும் புனேயிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் அதே அகழியின் கரையில்தான் நிற்கிறார்கள். கேட்பவர் பாதிரியார் என்ற நிலை மாறிவிட்டது. பக்கத்து இருக்கை மாணவன் கேட்கிறான். பாடப் புத்தகம் கேட்கிறது. பிள்ளையின் சொந்த மனமும் கேட்கிறது. விடை சொல்ல வேண்டியவர்கள் பெற்றோரும் பாட்டன் பாட்டிமாருமே. அவர்களில் எத்தனை பேர் அதற்கு ஆயத்தமாக இருக்கிறார்கள்?

அண்மையில் ஒருமுறை திருமலையில், வைகுண்டம் என்னும் பெயருடைய காத்திருப்பு மண்டபத்தில், புனேயிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பத்துக்குப் பின்னால் நாம் அமர்ந்திருந்தோம். பத்து வயதுப் பெண்குழந்தை ஒன்று தன் தந்தையை ஆங்கிலத்தில் கேட்டது: "அப்பா, ஒரு ஐடலைப் பார்க்க எதற்காக இவ்வளவு நேரம் உட்கார வேண்டும்?" தந்தை சற்றுக் கூச்சத்துடன், "அது ஐடல் இல்லை அம்மா, காட்" என்றார். குழந்தை விடவில்லை. "அப்படியென்றால் காட் இங்கே மட்டுந்தான் இருக்கிறாரா? புனேயில் இல்லையா?" தந்தை, "சும்மா இரு, எல்லாரும் பார்க்கிறார்கள்" என்று அடக்கினார். அருகிலிருந்த பாட்டியம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. "குழந்தை என்னடா கேட்கிறாள்?" என்று இருமுறை கேட்டார், விடை கிடைக்கவில்லை.

அந்தக் குழந்தையின் இரண்டாவது கேள்வி எளிய கேள்வி அன்று. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு நம் ஆசாரியர்கள் எடுத்துக்கொண்டு விடை சொன்ன கேள்வி அது. விடையும் தமிழிலேயே இருக்கிறது. பாட்டியம்மாளுக்கு அது தெரிந்திருக்கவுங்கூடும்.

முதலில் 'ஐடல்' என்ற சொல்லைப் பார்ப்போம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இச்சொல்லின்மேல் ஓர் எச்சரிக்கை உண்டு. கிரேக்கத்தில் உருவம், நிழல், பொய்த்தோற்றம் என்ற பொருள்களில் வழங்கிய ஒரு சொல்லிலிருந்து இது பிறந்தது. விவிலிய மொழிபெயர்ப்புகளின் வழியாக ஆங்கிலத்தில் வேரூன்றியது. அங்கே இது 'வணங்கத் தகாத பொய்த் தெய்வம்' என்ற கண்டனத்தைத் தன்னுள்ளே சுமந்துகொண்டுதான் வந்தது. நாம் 'விக்கிரகம்' என்றோ 'மூர்த்தி' என்றோ சொல்லும்போது அந்தக் கண்டனம் இல்லை. ஆகையால் நம் வீட்டுப் பிள்ளை 'ஐடல்' என்று சொல்லும்போது, தான் அறியாமலே தன் பாட்டியைப் பற்றி ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. 'மூர்த்தி' என்ற சொல்லை அப்படியே ஆங்கில வாக்கியத்துக்குள் வைத்துப் பேசப் பழக்குவது நலம். 'யோகா', 'குரு', 'அவதார்' ஆகியவை ஆங்கில அகராதிக்குள் புகுந்து அமர்ந்துவிட்டன, மூர்த்தியும் புகட்டும்.

இனி இரண்டாவது கேள்வி. வைணவ ஆசாரியர்கள் இறைவனின் நிலைகளை ஐந்தாக வகுத்தார்கள்: பரமபதத்தில் உள்ள பரநிலை, பாற்கடலில் உள்ள வியூகம், இராமன் கண்ணன் முதலிய அவதாரங்களாகிய விபவம், ஒவ்வோர் உயிருக்குள்ளும் உறையும் அந்தர்யாமி நிலை, கோயிலிலும் இல்லத்திலும் எழுந்தருளும் அர்ச்சை. பிள்ளை உலகாசிரியர் தமது ஸ்ரீவசன பூஷணத்தில் இவ்வைந்தையும் தாகமுள்ளவனுக்குத் தண்ணீரைக் காட்டி விளக்குகிறார். அண்டத்துக்கு அப்பால் சூழ்ந்த நீர் ஒன்று. எட்டாத பாற்கடல் ஒன்று. பெருக்கெடுத்து ஓடிப்போன வெள்ளம் ஒன்று. காலடியிலேயே இருந்தும் தோண்டினாலன்றிக் கிடைக்காத நிலத்தடி நீர் ஒன்று. வெள்ளம் வடிந்தபின் ஆற்றிலே தேங்கி நிற்கும் மடுவின் நீர் இன்னொன்று. யார் வேண்டுமானாலும் குனிந்து கையால் அள்ளிக் குடிக்கலாம். அதுவே அர்ச்சை.

திருப்பதிக்கு வருகிற பிள்ளைகளுக்கு இந்த உவமையை விளக்க வேறெங்கும் போக வேண்டியதில்லை. ஸ்வர்ணமுகி ஆறு பக்கத்திலேயே இருக்கிறது. மழைக்காலத்துப் பெருக்கும், கோடையின் மணற்பரப்பும், ஆங்காங்கே தேங்கிய நீரும் கண்ணெதிரே காணத்தக்கவை. "புனேயிலும் இருக்கிறார், நிலத்தடி நீர் போல, இங்கே மடுவில் நிற்கிறார், உனக்குக் கை எட்டும்படி" என்று சொன்னால் பத்து வயதுக் குழந்தைக்குப் புரியும். இதை ஆங்கிலத்தில் சொல்ல எட்டாம் வகுப்பு ஆங்கிலம் போதும். கடினமான ஆங்கிலமே சமயத்தை விளக்கத் தேவை என்பது நம்மிடையே உள்ள ஒரு மயக்கம்.

'தரிசனம்' என்ற சொல்லுக்கும் ஒரு வார்த்தை. 'பார்த்தல்' என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். நாம் பார்ப்பதோடு, நாம் பார்க்கப்படுவதும் தரிசனத்தில் அடக்கம். சில கணங்களே கிடைக்கும் காட்சிக்காக மணிக்கணக்கில் காத்திருப்பவர்களின் முகத்தைப் பிள்ளைகள் கவனிக்கட்டும். விளக்கம் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்து, நமக்கு மிகுந்த தொல்லை தருவது 'தர்மம்'. இதற்கு 'ரிலிஜன்' என்று பெயர்த்துவிடுவது வழக்கமாகிவிட்டது. பிள்ளையோ இச்சொல்லைப் பல இடங்களில் கேட்கிறது. தெருவில் கையேந்துகிறவர் 'தருமம்' என்று கேட்கிறார். அங்கே அது பிச்சை. கட்டணமில்லாத வரிசையை மக்கள் 'தர்ம தரிசனம்' என்கிறார்கள். அங்கே அது இலவசம். தருமபுத்திரர் கதையில் அது நீதி. 'நெருப்பின் தர்மம் சுடுவது' என்று ஒருவர் சொல்கிறார். அங்கே அது இயல்பு. இவற்றுள் எந்த இடத்திலும் 'ரிலிஜன்' பொருந்தாது. நம் குடியரசின் சட்டப் புத்தகத்திலேயே இதற்கு ஓர் அரிய சான்று இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் நாற்பத்திரண்டாவது திருத்தத்தால் அரசியலமைப்பின் முகவுரையில் 'செக்யூலர்' என்ற சொல் சேர்ந்தது. இந்தியில் மக்கள் வழக்கில் அதற்குத் 'தர்மநிரபேக்ஷ' என்று சொல்வதுண்டு. ஆயின் முகவுரையின் இந்திப் பாடத்தில் நிற்பது 'பந்த்நிரபேக்ஷ' என்னும் சொல். பந்த் என்றால் சமய நெறி, மார்க்கம். அரசு ஒரு மார்க்கத்தையும் சாராமலிருக்கலாம். தர்மத்தைச் சாராமல் இருக்க இயலுமா என்ற எண்ணம் அதனுள்ளே இருக்கிறது. ஒரு சொல்லைத் தேர்வதில் எத்தனை பேருடைய கவலை கலந்திருக்கும் என்பதைத் தொழிலறிந்தவர் அறிவர்.

தமிழருக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. 'அறம்' என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. வள்ளுவர் முதற்பாலுக்கு அறத்துப்பால் என்று பெயர் வைத்தார். அதிலே எந்தத் தெய்வத்தின் பெயரையும் வற்புறுத்தவில்லை. தர்மம் என்பது தாங்கி நிற்பது. எது நீங்கினால் வீடும் ஊரும் குலைந்துபோகுமோ அது. பிள்ளைக்கு இவ்வளவு சொல்லி, பிறகு ஒரு நிகழ்ச்சியைக் காட்ட வேண்டும். சித்தூருக்கு அருகே காணிப்பாக்கத்து விநாயகர் சந்நிதியில் மக்கள் சத்தியப் பிரமாணம் செய்யும் வழக்கம் இருக்கிறது. பொய்ச் சத்தியம் செய்பவனை அவர் விடமாட்டார் என்பது அவ்வூரார் நம்பிக்கை. கடன் வாங்கியவனும் கொடுத்தவனும் வழக்கைத் தீர்க்க அங்கே வருவதுண்டு. அந்நம்பிக்கையைப் பிள்ளை ஏற்கட்டும், ஏற்காமற் போகட்டும். சொன்ன சொல்லைக் காப்பது தர்மத்தின் வேர் என்று அங்கே நிற்கும்போது விளங்கும்.

'கர்மா' என்ற சொல்லை இன்றைய பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்க வேண்டியதே இல்லை. ஆங்கிலப் பேச்சிலிருந்து அவர்களே கற்றுக்கொண்டு வருகிறார்கள். தங்களைத் தள்ளிவிட்டு ஓடிய தோழன் கல் தடுக்கி விழுந்தால், 'கர்மா' என்று சிரிக்கிறார்கள். பழிக்குப் பழி என்பதே அவர்கள் அறிந்த பொருள். பெரியவர்களோ மறுகோடிக்குப் போய், 'எல்லாம் தலைவிதி' என்கிறார்கள். இரண்டும் கொள்கைக்குத் தொலைவானவை.

இங்கேதான் திருப்பதிப் பள்ளி மாணவர் நமக்கு உதவுகிறார். 1926இல் ஆக்ஸ்ஃபர்டில், மான்செஸ்டர் கல்லூரியில் ராதாகிருஷ்ணன் நிகழ்த்திய சொற்பொழிவுகள் மறு ஆண்டு 'இந்து வாழ்க்கை நோக்கு' என்று பொருள்படும் பெயரில் நூலாயின. அதிலே கர்மத்தை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உவமை சீட்டாட்டம்! அந்நாளைய ஆங்கிலக் கனவான்கள் மாலைதோறும் பிரிட்ஜ் ஆடுகிறவர்கள். கைக்கு வந்த சீட்டு நாம் தேர்ந்தெடுத்ததன்று, அது பழவினையால் வந்தது. ஆனால் எப்படிக் கேட்பது, எதை இறக்குவது என்பது ஆடுகிறவன் கையில் இருக்கிறது என்பது அவர் கருத்து. கேட்போரின் மாலைப்பொழுதிலிருந்தே உவமையை எடுத்தது மொழிபெயர்ப்பாளன் பொறாமைப்படத்தக்க திறமை.

எனினும் இவ்வுவமைக்கும் எல்லை உண்டு என்பது நம் அபிப்பிராயம். சீட்டைக் கலைத்துப் போடுவது தற்செயல். சென்ற ஆட்டத்தில் நன்றாக ஆடியவனுக்கு இந்த ஆட்டத்தில் நல்ல சீட்டு வரும் என்ற விதி எந்த ஆட்டத்திலும் இல்லை. கூர்மையான பிள்ளை இதைக் கேட்டேவிடும். அப்பொழுது நம்மவர்களின் உவமைக்குத் திரும்ப வேண்டும்: விதைத்தவன் அறுப்பான். களத்து மேட்டில் இருக்கும் நெல் சென்ற பருவத்து உழைப்பு; வயலில் இன்று இடும் விதை வரும் பருவத்துக்கு. இங்கே தற்செயலுக்கு இடமில்லை, முயற்சிக்கு இடமுண்டு. வள்ளுவரும் ஊழ் என்று ஓர் அதிகாரம் வகுத்துவிட்டு, ஆள்வினையுடைமை என்று மற்றோர் அதிகாரமும் வகுத்திருக்கிறார். இரண்டையும் ஒருங்கே வாசித்துக் காட்டாமல் முதலாவதை மட்டும் பிள்ளைக்குச் சொல்வது அநியாயம்.

துன்பப்படுகிற ஒருவரைக் காட்டி, 'அது அவருடைய கர்மா' என்று பிள்ளை சொன்னால், அவ்விடத்திலேயே திருத்த வேண்டும். கர்மம் நம்மை நாமே கேட்டுக்கொள்வதற்கான கணக்கு; அடுத்தவர் துன்பத்துக்கு எதிரே நிற்கும்போது நமக்குள்ள பேச்சு உதவிதான். விளக்கத்தில் நேரும் பிழை இங்கே வெறும் சொற்பிழையாக நில்லாது; ஒரு பிள்ளையின் இரக்கத்தையே உலர்த்திவிடும்.

இதே சித்தூர்ச் சீமை இன்னொரு வழியையும் நமக்குக் காட்டியிருக்கிறது. சித்தூர் மாவட்டத்தில் நெடுநாள் சேர்ந்திருந்த மதனபள்ளியில் 1895இல் பிறந்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. ராதாகிருஷ்ணன் பழஞ்சொற்களை எடுத்து ஆங்கிலத்தில் விளக்கினார். கிருஷ்ணமூர்த்தியோ அச்சொற்களையே பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, அச்சம், ஆசை, கவனம் என்று எளிய ஆங்கிலத்தில் பேசினார். மதனபள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி வேலிப் பள்ளியில் மாணவர்களுடன் அவர் நிகழ்த்திய உரையாடல்கள் நூலாக வந்துள்ளன. இருவரும் தெலுங்கு வீடுகளில் பிறந்தவர்கள். வயதில் ஏழாண்டே வேற்றுமை. ஒருவர் சொல்லைக் காத்தார், மற்றவர் சொல்லை விட்டார். நம் பிள்ளைகளுக்கு எது ஏற்றது என்றால், முதலாவதையே நாம் சொல்வோம். சொல்லை விட்டுவிடும் துணிவு அதை முன்பே உடையவனுக்குத்தான் பொருந்தும்.

மதனபள்ளியைப் பற்றிச் சொல்லும்போது வேறொரு செய்தியையும் விட மனமில்லை. 1919ஆம் ஆண்டு பிப்ரவரியில் அங்குள்ள தியசாபிகல் கல்லூரியில் தங்கியிருந்த இரவீந்திரநாத் தாகூர், வங்கத்தில் தாம் இயற்றியிருந்த 'ஜன கண மன' பாடலை அங்கேதான் ஆங்கிலத்தில் பெயர்த்தார். மூலத்தின் சந்தம் ஆங்கிலத்தில் வராது என்று அவருக்குத் தெரியும். ஆகவே உரைநடைப் போக்கில் கருத்தை மட்டும் கொணர்ந்தார். எதைக் கொண்டுபோகலாம், எதை விட்டுச் செல்ல வேண்டும் என்பதை மூலத்தை எழுதியவரே தீர்மானித்த இடம் அது.

'மாயை'க்கு 'இல்யூஷன்' என்று அகராதி சொல்லும். பிள்ளை அதைக் கேட்டால், 'இந்துக்கள் உலகமே பொய் என்று நம்புகிறவர்கள்' என்று எழுதி வைத்துக்கொள்ளும். பள்ளித் தேர்வில் அதற்கு மதிப்பெண் கிடைத்தாலும் வியப்பில்லை. அத்வைதத்திலும் கூட அது அவ்வளவு எளிய கருத்தன்று. ராதாகிருஷ்ணன் தம் நூல்களில் பன்முறை மறுத்துரைத்த திரிபு இது. இராமாநுசரோ உலகம் மெய், அது இறைவனுக்கு உடல் போன்றது என்று நிலைநாட்டியவர். திருமலை நம்பியிடம் மலையடிவாரத்தில் ஓராண்டு இராமாயணப் பொருள் கேட்டவர் அவர் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். நம் சைவ சித்தாந்தத்திலும் மாயை என்பது உலகுக்கு முதற்பொருள், உள்பொருள். மண்ணிலிருந்து குடம் போல அதிலிருந்து உடலும் உலகும் உண்டாகின்றன. ஆக, தமிழ் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு 'உலகம் பொய்' என்று சொல்லிக்கொடுப்பது அதன் பாட்டனார் பலருக்கும் உடன்பாடில்லாத ஒன்றை அவர்கள் பெயரால் சொல்வதாகும்.

'சரணாகதி' இன்னொரு சங்கடம். ஆங்கிலத்தில் 'சரண்டர்' என்றால் போர்க்களத்தில் தோற்றவன் ஆயுதத்தைக் கீழே வைப்பது. தன்னம்பிக்கையைப் பற்றிப் பள்ளியில் நாள்தோறும் கேட்கும் பிள்ளை, "நான் எதற்காகத் தோற்க வேண்டும்?" என்று கேட்பது நியாயமே. நம்மாழ்வார் திருவேங்கடமுடையானிடம் அடைக்கலம் புகுந்த பாசுரங்களில் தோல்வியின் வருத்தம் ஏதும் இல்லை; பிரிய இயலாமை இருக்கிறது. குலசேகராழ்வார் அம்மலையிலே ஒரு படியாய்க் கிடக்கவும் விரும்பினார். சந்நிதியின் வாயிற்படிக்குக் 'குலசேகரன் படி' என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. ஓர் அரசர் படியாக விரும்பினார் என்றால் அதைத் தோல்வி என்று யார் சொல்வார்?

இதற்கு நம் பெரியோர் வகுத்த இரண்டு உவமைகள் குழந்தைகளுக்கென்றே செய்தவை போலிருக்கும். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியைத் தாயே கவ்வித் தூக்கிச் செல்கிறது. இறைவனை அடைய நம் முயற்சி வேண்டுமா, அவன் அருளே போதுமா என்று வடகலையாரும் தென்கலையாரும் நடத்திய நெடும் வாதம் இவ்விரு குட்டிகளுக்குள் அடங்கிவிட்டது. நாம் அறிந்த மட்டில் எந்தக் குழந்தையும் இதைக் கேட்டு, தான் எந்தக் குட்டி என்று சொல்லாமல் இருந்ததில்லை. திருமலையில் குரங்குகளுக்குப் பஞ்சமுமில்லை.

ஒரு கேள்வியை மட்டும் பெற்றோர் பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறார்கள். அது சாதியைப் பற்றியது. ஆங்கிலப் பாடப் புத்தகம் இந்து சமயம் என்றதும் நான்கு வருணங்களைப் படமாகவே போட்டுக் காட்டுவதுண்டு. பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு கேட்டால், 'அது அந்தக் காலம், தொழிற் பிரிவு' என்று மழுப்புகிறோம். ராதாகிருஷ்ணன் 1926இல் தந்த விளக்கமும் இவ்விடத்தில் நமக்கு நிறைவளிப்பதில்லை. இலட்சியத்தை எடுத்துரைத்த அளவுக்கு நடப்பை அவர் எடுத்துரைக்கவில்லை. டாக்டர் அம்பேத்கர் 1936இல் சாதியொழிப்பைப் பற்றி எழுதியதையும் வளர்ந்த பிள்ளை படிக்கத்தான் வேண்டும். கோயில் வாயில்கள் சிலருக்கு அடைத்தே இருந்தன. சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தபின்பே சட்டப்படி எல்லாருக்கும் திறந்தன. அந்நாளில் சித்தூர் மாவட்டமும் அம்மாகாணத்தைச் சேர்ந்ததே. பாணர் குலத்தவராகிய திருப்பாணாழ்வாரைப் பன்னிரு ஆழ்வார்களுள் வைத்து வணங்கும் மரபு நம்முடையது என்பதையும், அம்மரபினரே கதவடைத்ததுண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் பிள்ளை பதினாறு வயதில் தானே கண்டுபிடிக்கும். அதன்பின் நாம் சொன்ன மற்றவற்றையும் நம்பாது.

ஆங்கிலத்தில் இளைஞருக்கென்று எழுதும் முயற்சி புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காசி மத்திய இந்துக் கல்லூரி, அன்னி பெசன்ட் அம்மையாரின் ஊக்கத்தால் சனாதன தர்மப் பாடநூல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டது. 1951இல் பாரதீய வித்யா பவன் தொடங்கிய நூல்வரிசை இராஜாஜியின் மகாபாரதத்தோடு ஆரம்பமாயிற்று. அவர் முதலில் தமிழில் எழுதிப் பின்னர் ஆங்கிலத்தில் தந்த நூல் அது. தமிழில் கதை சொல்லிப் பழகிய வாயிலிருந்து வந்ததனால் அந்த ஆங்கிலம் இன்றும் பிள்ளைகளுக்கு ஒட்டுகிறது. வெளிமாநிலத்து வீடுகளில் ஒரு பிரதி இருப்பது நலம்.

ஆயினும் நூல் வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ண இயலாது. பாட்டிக்கும் பேத்திக்கும் இடையே அமர்ந்திருக்கும் தந்தையோ தாயோ மொழிபெயர்ப்பாளராக வேண்டும். அரசாங்கக் காகிதங்களில் சொல்லுக்குச் சொல் வைக்க வேண்டிய நெருக்கடி உண்டு. வீட்டில் அது இல்லை. வேண்டிய நேரம் எடுத்துக்கொள்ளலாம், மூலச்சொல்லை அப்படியே வைக்கலாம், தெரியாதபோது தெரியவில்லை என்று சொல்லிப் பாட்டியைக் கேட்கலாம். 'பாட்டி இதைப் பற்றி என்ன சொல்கிறாள் தெரியுமா?' என்று தொடங்கும் விளக்கத்துக்கு எந்த நூலிலும் இல்லாத வலிமை இருக்கிறது. அன்று மண்டபத்தில் அத்தந்தை தம் தாயாரை நோக்கித் திரும்பி, குழந்தை கேட்டதைத் தமிழில் சொல்லியிருந்தால் போதுமாயிருந்தது.

பிள்ளைகளோடு திருப்பதி செல்பவர்கள் திருமலையோடு திரும்பிவிடாமல் காளத்திக்கும் ஒருமுறை போய்வரட்டும். அரைநாள் இருந்தால் போதும். ஸ்வர்ணமுகிக் கரையிலேயே கோயில் இருக்கிறது. வேடர் குலத்துக் கண்ணப்பர், இலிங்கத்தின் கண்ணில் குருதி வழியக் கண்டு தம் கண்ணை அம்பால் அகழ்ந்து அப்பிய தலம். மறுகண்ணிலும் குருதி வழிய, தம் இரண்டாவது கண்ணையும் எடுக்குமுன், பின்பு இடம் தெரிய வேண்டுமே என்று காலை அங்கே ஊன்றிக்கொண்டார் என்பது பெரிய புராணம் தமிழில் சொல்லும் கதை. தெலுங்கருக்கும் அது சொந்தக் கதை. சுவாமியின்மேல் காலை வைக்கலாமா என்று பிள்ளை கட்டாயம் கேட்கும். கோயிலை ஒட்டிய குன்றின்மேல் கண்ணப்பர் சந்நிதி இருக்கிறது. படியேறி அங்கே உட்கார்ந்துகொண்டு, எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் அதற்கு விடை சொல்லலாம்.